விநோத கேம்களை ரசிப்பதும் நண்பர் தலையில் கட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷமாக நண்பர்களிடம் "ஒரு கேம் இருக்கு, ஆடிப் பாரேன்" என்று சொல்லிச் சொல்லிப் பாதிப் பேரிடம் திட்டு வாங்கியவன் நான். மீதிப் பேரில் இரண்டு மூன்று பேர் இப்போது எனக்கே புதிதாகத் தேடிப் பிடித்துச் சொல்கிறார்கள். திட்டியவர்களும் சொல்பவர்களும் என்னைக் கேட்ட கேள்விகள் இவை.

விநோதமான கேம் என்று எதைத்தான் சொல்கிறீர்கள்?

வரையறை சொன்னால் சண்டை வரும். உதாரணம் சொல்கிறேன்.

2004இல் ஜப்பானில் கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் யூமே நிக்கி என்ற கேமை இலவசமாக வெளியிட்டார். ஒரு சிறுமி தன் அறையை விட்டு வெளியே போக மாட்டேன் என்கிறாள். படுத்தால் கனவு. கனவுக்குள் பல கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் உலகம். அங்கே நடந்து திரிந்தால் 24 விஷயங்கள் கிடைக்கும். ஒன்று கிடைத்தால் சைக்கிள் ஓட்டலாம், இன்னொன்று கிடைத்தால் அவள் தலையே தெருவிளக்காக மாறிவிடும். விழித்தெழ வேண்டுமானால் கன்னத்தைக் கிள்ளிக்கொள்ள வேண்டும். வசனம் கிட்டத்தட்ட இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதும் இல்லை. ஆடிவிட்டு வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் ஊமை கண்ட கனவுபோல விழிப்பார்.

அந்த விழிப்பைத்தான் சொல்கிறேன். ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதற்காகவே ஆடுகிற கேம்கள். ஜெயிப்பதும் தோற்பதும் அவற்றிலும் உண்டு, ஆனால் அடுத்த வாரம் நினைவில் நிற்பது அந்த இடம்தான்.

பேய் கேம்களைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்?

இல்லை. கதவு இடுக்கிலிருந்து ஒன்று பாய்ந்து கத்தினால் உடம்பு பதறும், பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். அது ஒரு சுகம், அதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் 2012இல் வந்த ஜர்னியில் அப்படிப் பாய்கிற பேய் எதுவும் கிடையாது. மணல்வெளி, தூரத்தில் ஒரு மலை, வழியில் முன்பின் தெரியாத இன்னொரு ஆட்டக்காரர். அவரோடு பேச முடியாது, எழுத முடியாது, ஓர் ஒலி மட்டும் எழுப்பலாம். அவர் பெயர்கூட ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியவரும். இதுவும் விநோதம்தான்.

எல்லோரும் 'அட்மாஸ்ஃபியர்', அதாவது சூழல் என்கிறார்களே, அது நல்ல கிராபிக்ஸா?

பெரும்பாலும் நேர்மாறு. எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று பாருங்கள், சூழல் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும்.

1999இல் வந்த சைலன்ட் ஹில் ஓடிய பழைய பிளேஸ்டேஷனுக்குத் தூரத்துத் தெருக்களையெல்லாம் வரைந்து காட்டும் திராணி கிடையாது. அந்தக் குறையை மறைக்க ஊரையே மூடுபனிக்குள் முக்கிவிட்டார்கள். நான்கடிக்கு மேல் கண் தெரியாது. கையில் ஒரு சின்ன ரேடியோ, ஏதாவது நெருங்கினால் அது இரையும். கண் கைவிட்ட இடத்தில் காது வேலை செய்யத் தொடங்குகிறது. இரைச்சல் வருகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வன்பொருளின் போதாமையை இவ்வளவு அழகாக ஏமாற்றியவர்கள் குறைவு.

2022இன் அயர்ன் லங் இன்னும் ஒரு படி மேலே போய் ஜன்னலையே எடுத்துவிட்டது. ரத்தக் கடலின் அடியில் ஒரு துருப்பிடித்த நீர்மூழ்கி. வெளியே பார்க்க வழி இல்லை. வரைபடத்தையும் எண்களையும் வைத்துக் குத்துமதிப்பாக ஓட்டி, குறித்த இடத்தில் ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அந்தக் கரகரத்த கறுப்பு வெள்ளைப் படம் மட்டும்தான் கண். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நான் அதில் பாதி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். யாரும் அடக்கச் சொல்லவில்லை.

ஒலிக்கு இன்சைடு. டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. ஒலியமைப்பாளர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் ஓசைகளை ஒரு நிஜ மனித மண்டையோட்டின் வழியே செலுத்திப் பதிவு செய்தார். நம் குரலை நாமே தலைக்குள் கேட்கிறோமே, அந்த மாதிரி எலும்பு வழியாக வரும் மந்தமான ஓசை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆடினாலும் அந்த கேம் நம் தலைக்குள்ளேயே நடப்பது போல இருக்கும்.

ஷேடோ ஆஃப் த கொலோசஸ் (2005) நீக்கியது எதிரிகளை. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் 16 ராட்சதர்களைத் தவிர எதிரியே கிடையாது. நீங்கள், குதிரை, காற்று. வெயிலில் வாளைத் தூக்கினால் ஒளிக்கீற்று ஒன்று குவிந்து திசை காட்டும், அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். போகிற வழியில் ஒன்றும் நடக்காது. அதனாலேயே ஒரு ராட்சதன் விழும்போது நெஞ்சில் என்னவோ செய்கிறது.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) ஒரு நேரத்தில் இரண்டே நிறங்களை வைத்து ஒரு கப்பலை வரைந்தது. முன்டாவுன் (2021) என்ற ஸ்விஸ் மலைக்கிராமத்துக் கதையில் பார்க்கிற சுவர், முகம், வைக்கோல் எல்லாமே கையால் பென்சிலில் தீட்டியவை. புதிய பெரிய கேம்களில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசைகிறது. அசையட்டும்.

அப்படியானால் விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டாமா?

வேண்டாம். மேலே சொன்னவற்றில் பல பழைய லேப்டாப்பிலேயே ஓடும். யூமே நிக்கி, கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இன்றும் இலவசம். லிம்போ, மெஷினேரியம், மான்யுமென்ட் வேலி மூன்றும் போனிலேயே உண்டு.

எப்படி உட்கார்ந்து ஆடினால் நன்றாக இருக்கும்?

ஹெட்ஃபோன். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். இன்சைடை போன் ஸ்பீக்கரில் ஆடியவரோடு அதைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

இரவு, விளக்கு அணைத்து, அறிவிப்புகளை நிறுத்தி. கேம் தொடங்கும்போது 'இந்தச் சின்னம் மங்கலாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்' என்று ஒரு திரை வரும். எல்லோரும் அதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். இந்த வகைக் கேம்களில் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரே அமர்வில் முடிகிற கேமை ஒரே அமர்வில் முடியுங்கள். ஜர்னி ஏறக்குறைய இரண்டு மணி நேரம், இன்சைடு மூன்று நான்கு. ஐந்து நாளாகத் துண்டு போட்டால் ஒவ்வொரு நாளும் அந்த உலகத்துக்குள் போய்ச் சேர்வதற்கே நேரம் போய்விடும்.

அரை மணி நேரமாக நடந்துகொண்டே இருக்கிறேன். ஒன்றுமே நடக்கவில்லையே?

நடப்பதுதான் நடக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2013இன் புரோட்டியஸில் ஒரு தீவு, அதில் நடை, அவ்வளவுதான். மரத்தின் அருகே போனால் ஒரு சுரம், தவளையைத் துரத்தினால் வேறொரு சுரம், மலை ஏறினால் இசையே மாறும். அம்புக்குறியைத் தேடுகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. காதைக் கொடுத்தவருக்கு நாம் நடக்க நடக்கத்தான் இசை உண்டாகிறது என்பது ஒரு கட்டத்தில் உறைக்கும்.

ஆனாலும் ஒரு மணி நேரம் கொடுத்தும் உள்ளே எதுவும் அசையவில்லை என்றால் மூடிவிடுங்கள். இது தவம் அல்ல. ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மிகச் சின்ன கேம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதும் முடிந்தே விடும். முடித்துவிட்டுப் பணம் கேட்பது மட்டும் வேண்டாம், தனி ஆளாக உட்கார்ந்து உருவாக்கியவர்கள் இந்த உலகில் அதிகம்.

கதை புரியவில்லை. விளக்க வீடியோ பார்க்கலாமா?

பார்க்கலாம், ஒரு வாரம் கழித்து.

கென்டக்கி ரூட் ஜீரோ ஐந்து அங்கங்களாக 2013இல் தொடங்கி 2020இல் முடிந்தது. பழைய பொருட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு லாரிக்காரர், இல்லாத முகவரிக்கு வழி கேட்கிறார். அவரோடு ஒரு நாய். தொடக்கத்திலேயே நாயின் பெயரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். 'ஏதோ ஒரு நாய்' என்றும் சொல்லிவிடலாம். அந்தத் தேர்வால் கதையின் முடிவு மாறாது. ஆனால் அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த நொடியில் நாம்தான் முடிவு செய்தோம். இதற்கு விளக்க வீடியோவில் என்ன சொல்வார்கள்? ஆடி முடித்த இரவே விளக்கம் பார்த்தால், நம் மனதில் அரைகுறையாக உருவாகிக்கொண்டிருந்த ஒன்றை இன்னொருவர் முழுசாகக் கட்டிய ஒன்று வந்து தள்ளிவிடும்.

வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் வாக்த்ரூ (படிப்படியாக வழி சொல்லும் குறிப்பு) பார்ப்பது தப்பா?

கேமைப் பொறுத்தது. மெஷினேரியத்தில் ஒரு புதிர் அடம் பிடித்தால் பார்த்துவிட்டு நகருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கேமுக்குள்ளேயே குறிப்புப் புத்தகம் ஒன்றும் உண்டு. ஓப்ரா டின், அவுட்டர் வைல்ட்ஸ் போன்றவற்றில் மட்டும் பார்க்கவே கூடாது. அவற்றில் நீங்கள் சேர்ப்பது ஆயுதமும் இல்லை, பணமும் இல்லை, 'ஓ, அதனால்தானா!' என்ற அறிவு மட்டும்தான். அதை வெளியே படித்துவிட்டால் மறுபடி அறியாதவராக முடியாது. மாட்டிக்கொண்டால் ஏற்கெனவே முடித்த ஒரு நண்பரைக் கேளுங்கள். நல்ல நண்பர் பதில் சொல்ல மாட்டார். "அந்த இடத்துக்கு இன்னொரு தடவை போனியா?" என்று மட்டும் கேட்பார்.

தலை சுற்றுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது.

முதல் ஆள் பார்வையில், அதாவது பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்து நடக்கும் கேம்களில் பலருக்கு வரும். கண் நகர்கிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது, இரண்டும் மோதுவதால் வருகிற வினை. கேமின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) பார்வைக்கோணத்தை அகலமாக்குங்கள், நடக்கும்போது தலை ஆடுவதையும் மோஷன் பிளரையும் (அசையும்போது படம் மங்குவது) அணையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் எழுந்துவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் கூடுமே தவிரக் குறையாது. பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் காட்சிகள் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்தானவை. விநோத கேம்களில் அப்படிப்பட்ட காட்சிகள் கொஞ்சம் அதிகம், அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ய வேண்டாம்.

யாருக்கு எந்த கேமைச் சொல்வது? நான் சொன்னால் யாருமே ஆடுவதில்லை.

நான் வருஷக்கணக்காகச் செய்த தப்பைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்தவற்றில் எது மிகவும் விநோதமோ அதை முதலில் கொடுப்பேன். என் ரசனையைக் காட்டிக்கொள்ளும் ஆசை, வேறென்ன.

வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு நண்பனிடம் ரெயின் வேர்ல்டைக் கொடுத்தேன். பூனையும் நத்தையும் கலந்த மாதிரி ஒரு சின்ன உயிர். எல்லாமே அதைத் தின்ன வரும். போதுமான இரை தேடித் தின்று மறைவிடத்துக்குள் புகுந்தால்தான் ஆடியது சேமிக்கப்படும். அதற்குள் மழை வந்தால் அந்த மழையே கொன்றுவிடும். அற்புதமான கேம். ஆனால் அவனுக்கு ராத்திரி கிடைத்தது அரை மணி நேரம், அந்த அரை மணியும் குழந்தை எப்போது அழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு. ஒரு மாதம் கழித்து, "மச்சான், வீட்டுலயும் இதேதான்டா நடக்குது" என்றான். அவனுக்குத் தேவைப்பட்டது எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு எழக்கூடிய ஒன்று.

இப்போதெல்லாம் 'என்ன கேம் பிடிக்கும்?' என்று கேட்பதே இல்லை. வேறு எதில் அவர் நேரம் போவது தெரியாமல் இருக்கிறார் என்று பார்ப்பேன். துப்பறியும் கதை படிக்கிறவரா, ஓப்ரா டின். தனியாக நெடுந்தூரம் நடக்கப் பிடிக்குமா, புரோட்டியஸ் அல்லது ஷேடோ ஆஃப் த கொலோசஸ். காலையில் எழுந்ததும் கண்ட கனவைச் சொல்லி ஆளைக் கொல்கிறவரா? அவருக்கு யூமே நிக்கி. அதையும் முடித்துவிட்டால் எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர் பற்றிச் சொல்லுங்கள். 1998இல் ஜப்பானில் வந்தது, ஒசாமு சாட்டோ உருவாக்கியது, அவருடன் வேலை செய்த ஒருவர் பத்து வருஷத்துக்கு மேல் எழுதிவைத்த கனவுக் குறிப்பேட்டிலிருந்து பிறந்தது. அதில் சுவரில் முட்டினாலே வேறொரு கனவுக்குள் விழுந்துவிடலாம்.

அடுத்தது நேரம். அவருக்கு ஒரு மாலைப்பொழுது கிடைக்குமா, ஒரு மாதம் கிடைக்குமா? முதல் கேம் ஒரு மாலையில் முடிய வேண்டும்.

பத்துப் பெயர் கொண்ட பட்டியல் அனுப்பாதீர்கள். அது சிபாரிசு இல்லை, வீட்டுப்பாடம்.

ஒன்றும் சொல்லாமல் எப்படி ஆசை காட்டுவது? சொன்னால் ஸ்பாய்லர் ஆகி, முன்கூட்டியே தெரிந்து சுவாரசியம் போய்விடுமே.

கதையை விடுங்கள். முதல் அரை மணி நேரத்தில் அவர் கை என்ன செய்யும் என்று சொல்லுங்கள். "1807இல் ஒரு கப்பல் ஆளே இல்லாமல் துறைமுகத்துக்கு வந்து நிற்கிறது. அதில் இருந்த 60 பேருக்கு என்ன ஆச்சுன்னு நீ கண்டுபிடிக்கணும். உன்கிட்ட ஒரு கடிகாரம் இருக்கு, பிணத்துக்குப் பக்கத்துல வச்சுத் திறந்தா அந்த ஆள் செத்த நொடிக்குள்ள போய் நிக்கலாம்." ஓப்ரா டின்னுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

அவுட்டர் வைல்ட்ஸுக்கு இன்னும் சுருக்கம்: "மரத்தால ஒட்டுப்போட்ட ஒரு விண்கலம், குட்டியா ஒரு சூரிய மண்டலம், எங்க வேணா போ." 2020இல் சிறந்த கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

சொல்லக் கூடாதவை: 'வாழ்க்கையையே மாத்திடும்', 'கடைசியில ஒரு திருப்பம் இருக்கு', 'முதல் ஆறு மணி நேரம் பொறுத்துக்கோ'. திருப்பம் இருக்கிறது என்பதே ஸ்பாய்லர்தான். அதன்பிறகு அவர் கேமைப் பார்க்க மாட்டார், திருப்பத்துக்காகக் காத்திருப்பார்.

கேமே ஆடியிராத அக்காவுக்கு என்ன கொடுக்கலாம்?

அவருக்குச் சிக்கல் விநோதத்தில் இல்லை, கட்டைவிரலில். கன்ட்ரோலரில் ஒரு குச்சியால் நடப்பதும் இன்னொரு குச்சியால் பார்ப்பதும் நமக்கு மூச்சு விடுவது போல. புதிதாகப் பிடிப்பவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டுவார். அதனால் தொட்டால் போதும் என்ற கேம்கள்: மான்யுமென்ட் வேலி, மெஷினேரியம். பின்னது 2009இல் செக் நாட்டுக்காரர்கள் செய்தது. துருப்பிடித்த ரோபோ நகரம், வசனமே இல்லை, யாராவது பேசினால் தலைக்கு மேல் குமிழியில் படம் ஓடும். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படுபவருக்கும் இதுவே பொருத்தம். லிம்போ, இன்சைடு, ஜர்னி ஆகியவற்றிலும் படிக்க வேண்டிய வசனம் இல்லை. ஷேடோ ஆஃப் த கொலோசஸில் பேசுவது கற்பனை மொழி, முன்டாவுனில் பேசுவது ஸ்விட்சர்லாந்தின் சிறு மொழியான ரோமான்ஷ். அங்கே எல்லோரும் சப்டைட்டில்காரர்கள்தான்.

அவர் ஆடும்போது பக்கத்தில் உட்காரலாமா?

வாயைக் கட்டிக்கொள்ள முடிந்தால். "இல்ல, இடது பக்கம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அதன்பின் அவர் கேமைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பார். என்னால் முடியாது என்பதால் நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். அயர்ன் லங் மட்டும் விதிவிலக்கு. ஒருவர் வரைபடம், ஒருவர் சுக்கான் என்று இரண்டு பேர் சேர்ந்து தப்புக் கணக்குப் போடுவது தனி இன்பம்.

முன்கூட்டியே எதையாவது எச்சரிக்க வேண்டுமா?

ஆமாம், இதற்காக ஸ்பாய்லர் ஆனாலும் பரவாயில்லை. வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச் எனக்கு மிகவும் பிடித்த கேம்களில் ஒன்று. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவராக இறந்த கதை, அதில் குழந்தைகளும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம் அதைச் 'சும்மா ஆடிப் பாரு' என்று கொடுப்பது கொடுமை. 'குழந்தைகள் இறப்பாங்க' என்ற இரண்டு வார்த்தையால் அந்த கேம் கெட்டுவிடாது.

வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதமாக நண்பர் தொடக்கூட இல்லை.

பரிசு கொடுத்தீர்கள், கடன் கொடுக்கவில்லை. ஒரு தடவை கேளுங்கள், இரண்டாவது தடவை கேட்டால் அது வசூல். முன்ஜாக்கிரதையாக, இலவச கேமையோ நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கேமையோ உங்கள் கணினியில் பத்து நிமிஷம் ஆடவைத்துப் பார்த்துவிட்டு வாங்கித் தருவது நல்லது.

பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று மனதில் ஓடும். ஓடட்டும், வாய்க்கு வர வேண்டாம். எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கேளுங்கள். "அந்தப் பாதாள அறைக்கு அப்புறம் போக மனசு வரல" என்றால் அவருக்குக் கேம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது, அளவு கூடிப்போனது, அவ்வளவுதான். அவருக்கு ஜர்னியைச் சொல்லலாம். "போரடிச்சுது" என்றால் கையில் வேலை இருக்கும் ஒன்றாகத் தேடலாம்.

உங்களுக்கு ஒருவர் சொல்லி நீங்கள் ஆடாமல் விட்டது உண்டா?

பேத்தலாஜிக் 2. ரஷ்யாவின் ஐஸ்-பிக் லாட்ஜ் நிறுவனம் செய்தது. கொள்ளைநோய் பரவும் ஊரில் ஒரு மருத்துவனாக 12 நாட்கள் பிழைத்திருக்க வேண்டும். பசி, தூக்கம், தாகம், மருந்துப் பற்றாக்குறை, யாரைக் காப்பாற்றுவது என்ற குழப்பம். நேரம் யாருக்காகவும் நிற்காது. சொன்னவன் மேலே நான் சொன்ன ரெயின் வேர்ல்டு நண்பன்தான். பழிவாங்கினானா என்று தெரியவில்லை. "எந்த நாள்ல இருக்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். "மூணாவது நாள்" என்பேன். பொய் இல்லை. இரண்டு வருஷமாக மூன்றாவது நாளில்தான் இருக்கிறேன்.